வேலை கம்பெனிக்கு, துப்பாக்கி நம்ம ஆளோடது. அப்போ பொறுப்பு யாரோடது?



2024 மார்ச் 16 ஞாபகம் இருக்கா? சனிக்கிழமை. நாடாளுமன்றத் தேர்தல் தேதியை அறிவிச்ச நாள். ஏப்ரல் 19-க்கு இன்னும் எத்தனை நாள்னு நாமெல்லாம் விரல் விட்டு எண்ணிக்கிட்டு இருந்தோம். பூத் லிஸ்ட், வாட்ஸ்அப் குரூப், சுவர் விளம்பரம், ராத்திரி ஒரு மணிக்கு போஸ்டர் டிசைன்னு ஒரே ஓட்டம்.

அதே அறிவிப்பால எங்க ஊர்ல ஒருத்தருக்கு வேலை போச்சு. நம்ம பக்கத்துல அதைப் பத்தி ஒரு வரி கூட அப்போ எழுதல. எனக்கே அது தேர்தல் முடிஞ்ச பிறகுதான் தெரியும். அந்தக் குற்ற உணர்ச்சியிலதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான், ஆனா முழுசா படிங்க.

எங்க தெருவுல அவரை எல்லாரும் "மிலிட்டரி மாமா"ன்னுதான் கூப்பிடுவோம். 17 வருஷம் ராணுவத்துல இருந்துட்டு ஊர் திரும்பினவர். வீடு ரிஷிவந்தியம். வேலை கள்ளக்குறிச்சியில ஒரு நகைக்கடன் கிளையில கன்மேன். நிறுவனத்தோட பேரை எழுதல. ஏன்னா இது ஒரு கம்பெனியோட கதை மட்டும் இல்ல.

தேர்தல் தேதி வந்ததும் லைசன்ஸ் துப்பாக்கி வச்சிருக்கிறவங்க எல்லாம் காவல் நிலையத்துல ஒப்படைக்கணும்னு உத்தரவு வரும். அது உங்களுக்கே தெரியும். தேர்தல் அமைதியா நடக்கணும்னா அது அவசியம், அதுல நமக்கு மாற்றுக் கருத்து இல்ல. மாமாவும் கொண்டு போய் ஒப்படைச்சு ரசீது வாங்கிட்டார். மறுநாள் வேலைக்குப் போனா மேனேஜர் சொன்ன பதில்:

"துப்பாக்கி இல்லாத கன்மேன் எங்களுக்கு எதுக்கு சார்? எலெக்‌ஷன் முடிஞ்சதும் துப்பாக்கியோட வாங்க."

இதுக்கு வழி இல்லாம இல்ல. பாதுகாப்பு வேலைக்குத் துப்பாக்கி அவசியம்னு காரணம் காட்டி விலக்கு கேக்கலாம். மாவட்ட அளவுல அதைப் பரிசீலிக்க ஒரு குழு இருக்கு. வங்கிக் காவலர்களுக்கு அப்படி விலக்கு கொடுக்கிறது வழக்கம்தான். மாமா அதையும் சொல்லி, கம்பெனி லெட்டர்ஹெட்ல ஒரு கடிதம் கேட்டிருக்கார். அதுக்கு வந்த பதில்: "லைசன்ஸ் உங்க பேர்ல இருக்கு. நாங்க எதுக்கு எழுதித் தரணும்? நீங்களே எழுதிக் கொடுத்துக்கோங்க."

ஜூன் 4 ரிசல்ட். ஜூன் 6 நடத்தை விதி விலகுச்சு. ஏறக்குறைய 80 நாள். அவ்வளவு நாளும் சம்பளம் இல்ல. அதுக்கப்புறம் துப்பாக்கி கைக்கு வந்ததும் அதே கம்பெனியிலயே, அதே சம்பளத்துல திரும்பச் சேர்ந்தார். வேற என்ன பண்ணுவார்?

அந்த மேனேஜர் சொன்ன ரெண்டு வாக்கியத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. "துப்பாக்கி இல்லாம நீங்க எங்களுக்கு வேண்டாம்." "துப்பாக்கி உங்களோடது, எங்களுக்கு சம்பந்தம் இல்ல." இந்த ரெண்டும் எப்படி சொந்தங்களே ஒரே வாயில இருந்து வரும்?

நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணுதான். வேலைக்குத் துப்பாக்கி வேணும்னு எந்த நிறுவனம் சொல்லுதோ, அந்தத் துப்பாக்கிக்கான பொறுப்பும் அந்த நிறுவனத்தோடதா இருக்கணும்.

இந்த வேலை எப்படி நடக்குதுன்னு தெரியாதவங்களுக்குச் சொல்றேன். பல பொதுத்துறை வங்கிகள்ல ஆயுதக் காவலர்னு முன்னாள் ராணுவத்தினரை எடுப்பாங்க. அங்க துப்பாக்கி வங்கியோட சொத்து. காவலர் அதை எடுத்துக் காவல் நிப்பார், வேலை முடிஞ்சதும் வச்சுட்டு வீட்டுக்குப் போவார். ஆனா தனியார் பக்கம் வாங்க. "கன்மேன் தேவை, சொந்த லைசன்ஸ் துப்பாக்கியுடன்" அப்படின்னுதான் விளம்பரமே வரும். துப்பாக்கி அவர் காசு. லைசன்ஸ் அவர் பேர். புதுப்பிக்க அலையறது அவர் கால். வெல்டிங் பட்டறையில வேலைக்குச் சேர்றவன்கிட்ட "மெஷினை நீயே வாங்கிட்டு வா"ன்னு சொன்னா ஒத்துக்குவோமா? ஆனா உயிரெடுக்கிற ஒரு கருவியை மட்டும் "நீயே கொண்டு வா, நீயே பாத்துக்கோ"ன்னு சொல்றாங்க.

கொண்டு வர்றதும் சும்மா இல்ல. பொது இடத்துல துப்பாக்கியை உறையில போட்டு, முழுசா மூடி, தன் கட்டுப்பாட்டுலயே வச்சுக்கிட்டுதான் போகணும்னு 2016 ஆயுத விதிகள் சொல்லுது. மாமா காலையில டவுன் பஸ்ல ஏறி நிக்கிறதைப் பார்த்திருக்கேன். கூட்டம் நெரியும். காலேஜ் பசங்க, காய்கறி மூட்டை, கைக்குழந்தை. நடுவுல அவர் அந்த நீளமான பையை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு நிப்பார். உக்காரவே மாட்டார். "உக்காந்தா தூக்கம் வந்துரும் மாப்ள, தூங்கினா என் கை தளர்ந்துரும்"னு ஒரு தடவை சொன்னார். சாயங்காலம் அதே மாதிரி திரும்பி வரணும். ராத்திரி வீட்டுல பீரோவுல வச்சுப் பூட்டி, சாவியை இடுப்புல செருகிட்டுப் படுப்பார். வீட்டுல 6 வயசுப் பேரன் இருக்கான்.

கிளையில? அங்க அந்தத் துப்பாக்கிக்குன்னு ஒரு பெட்டி கிடையாது. மாமா சாப்பிடப் போனா, பாத்ரூம் போனா யார்கிட்ட கொடுக்கணும்னு ஒரு விதி கிடையாது. தோட்டா எத்தனை இருக்குன்னு எழுதி வைக்க ஒரு நோட்டு கிடையாது. கடைசியா எப்போ சுட்டுப் பயிற்சி எடுத்தீங்கன்னு கேட்க ஒரு ஆள் கிடையாது.

இப்போ என் கதைக்கு வர்றேன். நான் இன்ஜினியரிங் முடிச்சிட்டு சென்னையில ஒரு ஐ.டி. கம்பெனியில கொஞ்ச நாள் வேலை பார்த்தேன். முதல் நாளே 40 பக்கத்துக்கு ஒரு பாலிசி கையெழுத்து வாங்கினாங்க. பென் டிரைவ் கொண்டு வரக்கூடாது. போன் கேமரா மேல ஸ்டிக்கர் ஒட்டணும். லேப்டாப் வெளிய போனா கேட்பாஸ். ஒரு தடவை மறந்துபோய் பையில பென் டிரைவ் இருந்ததுக்கு மூணு மெயில் வந்துச்சு. நல்லதுதான், தப்பு சொல்லல. ஆனா யோசிச்சுப் பாருங்க. 200 ரூபா பென் டிரைவுக்கு 40 பக்கம் விதி எழுதத் தெரிஞ்ச நாட்டுல, இரட்டைக் குழல் துப்பாக்கிக்கு ஒரு பக்கம் எழுத ஆள் இல்லையா?

"சட்டம் இருக்கே தம்பி"ன்னு சிலர் கமெண்ட்ல வருவீங்க. இருக்கு. 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டம் இருக்கு. அமெரிக்கா மாதிரி இங்க துப்பாக்கி உரிமை கிடையாது, அரசு கொடுக்கிற அனுமதிதான். 21 வயசு ஆகணும், போலீஸ் விசாரணை, மருத்துவச் சான்றிதழ், பத்திரமா வச்சுக்குவேன்னு உறுதிமொழி எல்லாம் வேணும். 2019 திருத்தத்துக்குப் பிறகு உரிமம் 5 வருஷத்துக்கு. அதோட நிபந்தனைகள்ல ஒண்ணு கவனிக்க வேண்டியது: தனி அனுமதி இல்லாம திருவிழாவுக்கோ, சாமி ஊர்வலத்துக்கோ, மக்கள் கூடுற இடத்துக்கோ, கல்வி நிலைய வளாகத்துக்குள்ளயோ துப்பாக்கியைக் கொண்டு போகக்கூடாது.

திருவிழா இருக்கு. ஊர்வலம் இருக்கு. பள்ளிக்கூடம், காலேஜ் இருக்கு. வேலை செய்யுற இடம்? அந்த வரிசையில இல்ல. அது முதலாளி விருப்பத்துக்கு விட்டாச்சு. சட்டம் உரிமம் வச்சிருக்கிற ஆளைப் பார்த்துத்தான் பேசுது. அந்த ஆளை வேலைக்கு வச்சிருக்கிறவரைப் பார்த்துப் பேசுறது ரொம்பக் கம்மி. அந்த இடைவெளியிலதான் நம்ம மாமா மாதிரி ஆளுங்க மாட்டிக்கிறாங்க.

சரி, காவலுக்குத் துப்பாக்கியே வேண்டாம்னு சொல்லிடலாமா? நான் அப்படிச் சொல்ல மாட்டேன். 2021 ஜனவரியில ஓசூர்ல நகைக்கடன் கிளைக்குள்ள பட்டப்பகல்ல துப்பாக்கியோட ஒரு கும்பல் புகுந்து 25 கிலோ தங்கத்தை அள்ளிட்டுப் போச்சு. மறுநாளே ஹைதராபாத் பக்கம் பிடிச்சாங்க, அது வேற விஷயம். அந்த நகையெல்லாம் யாரோடது? பொண்ணு கல்யாணத்துக்குச் சேர்த்ததை உரத்துக்கும் விதைக்கும் அடகு வச்ச சனங்களோடது. 2019 மார்ச்ல மானாமதுரையில ஒரு வங்கிக்குள்ளயே அரிவாளோட புகுந்து ஒருத்தரை வெட்டினாங்க. காவல் நின்ன முன்னாள் ராணுவ வீரர் சுட்டார். வெட்ட வந்தவன் காயம்பட்டு விழுந்தான். அந்த வீடியோவை நாமளே எத்தனை குரூப்ல ஃபார்வர்ட் பண்ணோம்!

ஆனா நாணயத்தோட இன்னொரு பக்கத்தையும் பாக்கணும். 2021 ஜூன்ல உத்தரப் பிரதேசம் பரேலியில ஒரு வங்கிக் காவலர் வாடிக்கையாளரையே சுட்டார். என்ன காரணம்? மாஸ்க் போடல. வாய்ச்சண்டைதான். கையில துப்பாக்கி இருந்ததால வாய்ச்சண்டை ரத்தமா முடிஞ்சுது. அதே வருஷம் செப்டம்பர்ல திருவனந்தபுரத்துல, ஏடிஎம்-ல பணம் நிரப்புற வேலைக்குக் காவல் போயிக்கிட்டு இருந்த 5 பேர் போலி உரிமம் வச்சிருந்ததா கைதானாங்க. ஜம்மு காஷ்மீர்ல இருந்து வந்தவங்க. சொந்தத் துப்பாக்கியோட வர்றவனுக்குத்தான் வேலைன்னு சந்தை ஆகிட்டா, போலி உரிமத்துக்கும் ஒரு சந்தை முளைக்கத்தானே செய்யும்?

"பயிற்சி இல்லாதவங்க அப்படித்தான்"னு இதைத் தள்ளிவிடவும் முடியாது. நம்ம கல்பாக்கம். 2014 அக்டோபர் 8. மத்திய தொழிலகப் பாதுகாப்புப் படை வீரர் ஒருத்தர் கூட வேலை பார்த்தவங்களையே சுட்டதுல 3 பேர் செத்தாங்க. முறையான படை, முறையான பயிற்சி, அரசோட ஆயுதக் கிடங்கு, கையெழுத்துப் போட்டு வாங்குற துப்பாக்கி. அவ்வளவு இருந்தும் அப்படி ஆச்சு. துப்பாக்கிக்கு மட்டும் விதி எழுதினா போதாது, அதைத் தூக்குற மனுஷனோட தூக்கம், லீவு, மன உளைச்சல் எல்லாத்தையும் கவனிக்கணும்னு அந்தச் சம்பவம் சொல்லுது. 12 மணி நேரம் நிக்க வச்சு, வாரலீவு இல்லாம, லேட்டானா எல்லார் முன்னாடியும் திட்டுற இடத்துல, தோட்டா போட்ட துப்பாக்கியும் கூடவே இருக்கு. இதை எந்த மேனேஜராவது நினைச்சுப் பார்த்திருப்பாரா?

அமெரிக்காவுலயும் "வேலைக்குத் துப்பாக்கி" பெரிய சண்டை. ஆனா அது தலைகீழ். அங்க 2002-ல ஓக்லஹோமா மாநிலத்துல ஒரு பேப்பர் மில், பார்க்கிங்ல நின்ன காருக்குள்ள துப்பாக்கி வச்சிருந்த தொழிலாளர்களை வேலையை விட்டு நீக்குச்சு. கோபப்பட்டவங்க போராடி, 2004-ல அந்த மாநிலத்துல சட்டமே வந்துச்சு: பூட்டின காருக்குள்ள துப்பாக்கி இருந்தா முதலாளி தடுக்க முடியாதுன்னு. பிறகு ஃப்ளோரிடா உட்படப் பல மாநிலங்கள் அதே வழியில போச்சு. அங்க தொழிலாளி "கொண்டு வருவேன்"ங்கறார், முதலாளி "கூடாது"ங்கறார். இங்க முதலாளி "கொண்டு வந்தாத்தான் வேலை"ங்கறார், தொழிலாளி வாயைத் திறக்க முடியல. அதனால அவங்க சட்டத்தைப் பார்த்து நாம காப்பியடிக்க ஒண்ணும் இல்ல. நம்ம பிரச்சனைக்கு நாமதான் விதி எழுதணும்.

அந்த விதிக்கு உதாரணம் வேணும்னா, நம்ம மாவட்டத்துலயே இருக்கு. கல்வராயன் மலைப்பக்கம் போங்க. மரவள்ளி, மக்காச்சோளம் போட்ட விவசாயிக்கு வயல்தான் வேலை செய்யுற இடம். ராத்திரியானா காட்டுப்பன்றி வந்து உழுது போட்டுரும். நாட்டுத் துப்பாக்கியை வீட்டுல வச்சிருந்து மாட்டினா கேஸ், ஜெயில். உரிமம் இல்லாத துப்பாக்கியை ஒப்படைச்சிருங்கன்னு போலீஸ் சொன்னா ஒப்படைச்சிருங்க, அதுல நமக்கு ரெண்டு பேச்சு இல்ல. ஆனா பயிருக்கு யார் பதில் சொல்றது? 2025 ஜனவரியில தமிழக அரசு சட்டமன்றத்துல ஒரு ஏற்பாட்டை அறிவிச்சது. காப்புக்காட்டுல இருந்து 1 கி.மீ. வரைக்கும் பன்றியைச் சுடக்கூடாது. 1-ல இருந்து 3 கி.மீ. வரைக்கும் கூண்டு வச்சுப் பிடிச்சுக் காட்டுல விடணும். 3 கி.மீ. தாண்டி வந்தா வனத்துறை ஆளுங்க சுடுவாங்க.

அந்த ஏற்பாடு களத்துல எவ்வளவு வேகமா நடக்குதுங்கறது தனிப் பதிவுக்கான விஷயம். ஆனா அதுல இருக்கிற நியாயத்தைப் பாருங்க. சுட வேண்டிய தேவை வந்தா, அந்தப் பொறுப்பை விவசாயி தலையில கட்டல. துறையே எடுத்துக்குது. துறையோட துப்பாக்கி, துறையோட ஆள், துறையோட கணக்கு. காட்டுப்பன்றிக்கே அப்படி ஒரு ஒழுங்கு போட முடியுதுன்னா, கள்ளக்குறிச்சி கடைவீதியில இருக்கிற நகைக்கடன் கிளைக்குப் போட முடியாதா?

சும்மா குறை சொல்லிட்டுப் போறது நம்ம பழக்கம் இல்ல. இதோ கோரிக்கைகள்:

1. ஆயுதக் காவல் வேணும்னு முடிவு பண்ற நிறுவனம் தன் பேர்லயே உரிமம் எடுக்கணும். உரிமப் படிவத்துல "ரிடெய்னர்"னு ஒரு கட்டம் ஏற்கெனவே இருக்கு. உரிமதாரர் சார்பா துப்பாக்கியைத் தூக்குறவர் பேரை அதுல பதியலாம். காவலர் பேர் அங்க இருக்கட்டும்.

2. துப்பாக்கி கிளையிலயே, சுவரோட பதிச்ச இரும்புப் பெட்டியில பூட்டி இருக்கணும். தோட்டா வேற பெட்டியில. தினமும் எடுத்த நேரம், வச்ச நேரம், தோட்டா எண்ணிக்கை, ரெண்டு பேர் கையெழுத்து. பஸ்ல தூக்கிட்டு அலையுற வேலை வேண்டாம்.

3. தனியார் பாதுகாப்பு நிறுவனங்கள் சட்டம் 2005-ல வந்துச்சு. அதுக்கான மத்திய மாதிரி விதிகள் காவலருக்கு 100 மணி நேர வகுப்பு, 60 மணி நேரக் களப்பயிற்சி வேணும்னு சொல்லுது. முன்னாள் ராணுவத்தினருக்குச் சுருக்கப் பயிற்சி. அதை எடுத்தாங்களான்னு கிளைக்குக் கிளை சரிபார்க்கணும். ஆயுதம் தூக்குறவங்களுக்கு வருஷத்துக்கு ஒரு தடவையாவது சுடும் பயிற்சி, நிறுவனச் செலவுல.

4. ஏடிஎம் பண வேனுக்கு 2018-ல மத்திய உள்துறை மாதிரி விதி கொண்டு வந்துச்சு. ஒரு வேனுக்கு 2 ஆயுதக் காவலர், ஒரு தடவைக்கு 5 கோடிக்கு மேல கூடாது, கிராமப்புறத்துல சாயங்காலம் 6 மணிக்கு மேல ஏடிஎம்-ல பணம் நிரப்பக் கூடாதுன்னு. ஓடுற வேனுக்கு இவ்வளவு நுணுக்கமா எழுத முடிஞ்சா, நிக்கிற கிளைக்கும் எழுதலாம்.

5. தேர்தல் நேரத்துல விலக்கு கேட்டு விண்ணப்பிக்கிறது நிறுவனத்தோட கடமை ஆகணும். விலக்கு கிடைக்கலன்னா, அந்த நாட்களுக்குத் துப்பாக்கி இல்லாத காவல் வேலை கொடுக்கணும். சம்பளம் நிக்கக்கூடாது.

6. எட்டு மணி நேர வேலை, வாரலீவு, மருத்துவப் பரிசோதனை. "இன்னைக்கு எனக்கு மனசு சரியில்ல, துப்பாக்கி தூக்க மாட்டேன்"னு ஒரு காவலர் சொன்னா, அவரை வேலையை விட்டு எடுக்காம வேற இடத்துல நிக்க வைக்கிற விதி.

இதுல எதுவும் ராக்கெட் விஞ்ஞானம் இல்ல. பொதுத்துறை வங்கிகள்ல பாதிக்கு மேல ஏற்கெனவே பழக்கத்துல இருக்கிறதுதான். தனியார் செய்யாததுக்கு ஒரே காரணம் செலவு. துப்பாக்கி வாங்கணும், பெட்டி வைக்கணும், ஆள் அனுப்பிப் பயிற்சி கொடுக்கணும். அந்தச் செலவையெல்லாம் இப்போ நம்ம முன்னாள் ராணுவ வீரர்கள் தங்களோட பென்ஷன்ல இருந்து கட்டிக்கிட்டு இருக்காங்க.

"இதெல்லாம் ஒரு பிரச்சனையா? கட்சிப் பக்கத்துல போடுற விஷயமா?"ன்னு கேக்கிறவங்களுக்கு ஒரே பதில். நம்ம ஒன்றியத்துல ராணுவத்துல இருந்து ஓய்வு பெற்றவங்க எத்தனை பேர்னு உங்க பூத் லிஸ்ட்டை எடுத்துப் பாருங்க. அவங்கள்ல எத்தனை பேர் இன்னைக்கு ஏதோ ஒரு கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்திருக்காங்கன்னு விசாரிங்க. ஆகஸ்ட் 15-க்கு அவங்களுக்குச் சால்வை போட்டு போட்டோ எடுக்கத் தெரிஞ்ச நமக்கு, ஆகஸ்ட் 16 அவங்க எந்த நிலைமையில வேலைக்குப் போறாங்கன்னும் தெரியணும்.

உங்களால என்ன முடியும்? இன்னைக்கே மூணு விஷயம்.

உங்க தெருவுல கன்மேன் வேலை பார்க்கிறவர் இருந்தா, நியமனக் கடிதம் இருக்கா, ஈஎஸ்ஐ பிடிக்கிறாங்களான்னு கேளுங்க. இல்லன்னா கூடவே போய் வாங்கிக் கொடுங்க.

அவரோட உரிமத்துல என்ன நோக்கத்துக்குன்னு எழுதியிருக்குன்னு எடுத்துப் பார்க்கச் சொல்லுங்க. நிபந்தனை மீறினா தண்டனை அவருக்குத்தான், மேனேஜருக்கு இல்ல. சந்தேகம் இருந்தா கலெக்டர் ஆபீஸ்ல கேட்டுத் தெளிவு பண்ணிக்கட்டும்.

அடுத்த தேர்தல் அறிவிப்பு வர்றதுக்கு முன்னாடியே, நிறுவனத்துக்கிட்ட இருந்து விலக்குக் கடிதம் வாங்கி வைக்கச் சொல்லுங்க. தேதி அறிவிச்ச பிறகு ஓடினா லேட்டு.

கடைசியா ஒண்ணு. இந்தப் பதிவைப் போடலாமான்னு மாமாகிட்ட கேட்டேன். பேர் போடாதே, கம்பெனி பேரும் போடாதேன்னார். கொஞ்ச நேரம் கழிச்சுச் சொன்னார்: "பட்டாளத்துல என் துப்பாக்கி காணாமப் போனா மொத்த கேம்ப்பும் தூங்காது மாப்ள. இங்க நானே காணாமப் போனாலும் யாரும் கேக்க மாட்டாங்க."

நாம கேப்போம் சொந்தங்களே. பகிருங்க, உங்க ஊர்ல நடக்கிறதை கமெண்ட்ல எழுதுங்க. கம்பெனி பேர் வேண்டாம், நிலைமையை மட்டும் எழுதுங்க. எல்லாத்தையும் தொகுத்து மனுவா கொண்டு போகலாம்.

#துப்பாக்கி_வேணும்னா_பொறுப்பும்_வேணும்
#ரிஷிவந்தியம் #கள்ளக்குறிச்சி